எதையும் ஓட்டாத சக்கரம்

ஞாயிறுதோறும் எம் குடும்பம் திருப்பலிக்குப் புறப்படும் செய்தியை, ஆலய மணிக்கு முன்னரே தெருவுக்கு அறிவித்து வந்தது எம் பழைய கார். சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்புறமிருந்து ‘கீச்’ என்றொரு கூக்குரல் எழும். அரை நிமிடம் அலறிவிட்டுத் தானே அடங்கும். தொடக்கத்தில் அண்டை வீட்டார் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். நாளடைவில் அவர்கள் பார்ப்பதை விட்டார்கள். யாமும் கேட்பதை விட்டோம். காதுக்குப் பழகிவிட்ட குறைதான் வீட்டில் நெடுநாள் தங்குகிறது.

ஓராண்டுக்கு முன் பட்டறை ஒன்றில் பெல்ட்டை மாற்றியிருந்தோம். சில மாதங்கள் அமைதி நிலவியது. பிறகு அதே கூக்குரல். மட்டமான பெல்ட் என்று பழித்துவிட்டு இருந்துவிட்டோம். ஆனால் மே மாத இறுதியில் வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சைப் பயணம் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. கோடை வெயிலில் நடுவழியே பெல்ட் அறுந்தால் என் செய்வது என்ற கவலை பிடித்துக்கொண்டது.

அவ்வேளையில் எம் மாமனார் வந்து சேர்ந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை ஓடவிட்டு, சற்று எட்டவே நின்று, பெல்ட்டின் மீது சிறிது தண்ணீரைப் பீய்ச்சினார். ஓசை முன்னிலும் மிகுந்தது.

“தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கி மறுபடியும் வந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம், மாப்பிள்ளை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுப்புப் போதவில்லை. இந்தத் தடவை பெல்ட்டை மட்டும் மாற்றினால் பயன் இல்லை. டென்ஷனரையும் சேர்த்து வாங்குங்கள்” என்றார்.

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை அறிந்தவர்களுக்கு அதன் ‘ஃபேன் பெல்ட்’ நினைவிருக்கும். அது தளர்ந்தால் டைனமோவைச் சற்று நகர்த்தி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, போல்ட்டை முடுக்குவார்கள். பின்னாளில் வந்த வண்டிகள் பலவற்றில் வரிவரியாய்ப் பள்ளம் கொண்ட ஒரே நீண்ட பெல்ட், பாம்புபோல் வளைந்து சென்று பல உறுப்புகளை ஓட்டுகிறது. எம் வண்டியில் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் ஆகிய நான்கும் அந்த ஒரு பெல்ட்டை நம்பியே இருக்கின்றன. அது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும்; ஸ்டியரிங் கனக்கும்; சிறிது நேரத்தில் எஞ்சின் கொதிக்கும். அந்தப் பெல்ட்டைத் தளரவிடாமல், தன்னுள் இருக்கும் ஸ்பிரிங்கின் வலிமையால் ஓயாமல் அழுத்திப் பிடித்திருக்கும் சிறு சக்கரமே டென்ஷனர்.

இங்கே எம் இல்லத்தின் நிலையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எம் மகன் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தான். பாலிடெக்னிக்கில் சேர்ந்து வாகனத் தொழிலைக் கற்க வேண்டுமென்பது அவன் விருப்பம். பொறியியல் கல்லூரிதான் என்பது எம் பிடிவாதம். தேர்வு முடிந்த அன்று சொற்கள் தடித்தன. அதன்பின் நாற்பது நாட்களாக ஒருவரோடொருவர் பேசவில்லை.

மே 1ஆம் நாள். 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்திய நாள். பட்டறைகள் யாவும் விடுமுறை. காலைத் திருப்பலி முடிந்து வந்ததும், “நாமே மாற்றிவிடலாம்” என்று மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார், பேரனையும் அழைத்தார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். முன்புற வலச் சக்கரத்தை எடுத்தபின், ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்தோம். மகன் ஒரு தாளில் பெல்ட் செல்லும் பாதையை வரைந்துகொண்டான். எதன் மேல் ஏறுகிறது, எதன் கீழ் இறங்குகிறது என்று அம்புக்குறியிட்டு அவன் வரைந்த தெளிவைக் கண்டு வியந்தோம். ஆயினும் வாய் திறக்கவில்லை.

டென்ஷனரைத் திருப்பினால்தான் பெல்ட் கழலும். அதற்குரிய ஸ்பேனர் எம் கையில் இருந்தது. மகன் ஒரு முழத் தூரத்தில் குனிந்திருந்தான். அவன் நிமிர்ந்து திண்ணையை நோக்கி, “அம்மா, அப்பாவிடம் அந்த 15ஆம் நம்பர் ஸ்பேனரைக் கேளுங்கள்” என்றான்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த எம் இல்லத்தரசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். “என்னங்க, 15ஆம் நம்பர் ஸ்பேனராம்” என்றார். நாற்பது நாட்களாகச் சாப்பாட்டு வேளையிலும் செப வேளையிலும் அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல் அது. எம் கையிலிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பினார்.

மாமனார் எம் இருவரையும் பார்த்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

டென்ஷனரைத் திருப்பிப் பிடிக்க, பெல்ட் கழன்று வந்தது. அதில் ஒரு வெடிப்பும் இல்லை. மற்றச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தோம். யாவும் வழவழவென்று சுழன்றன. கடைசியாகப் பழைய டென்ஷனரைக் கழற்றி எம் கையில் வைத்தார் மாமனார். அதன் சக்கரத்தைச் சுழற்றியதும் உள்ளே பேரிங் கரகரவென்று அரைத்தது. கையால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் எதிர்ப்பே இல்லை.

“இது எதையும் ஓட்டுவதில்லை, மாப்பிள்ளை. பெல்ட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு சும்மா சுற்றுவதுபோலத்தான் தெரியும். ஆனால் எல்லாவற்றின் இழுப்பையும் இதுதான் தாங்குகிறது. சத்தம் போடுவது பெல்ட், ஓய்ந்துபோனது இது.”

அவர் டென்ஷனரைத்தான் சொன்னார். எமக்கோ திண்ணையில் இருந்தவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

புதிய டென்ஷனரைப் பொருத்தி, வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கே போல்ட்டை முடுக்கினோம். புதிய பெல்ட்டைப் பழையதோடு ஒப்பிட்டு, நீளமும் வரிகளும் ஒன்றே என உறுதி செய்துகொண்டோம். வரைந்த பாதைப்படி மகன் அதைச் சுற்றினான். எம் கை நுழையாத இடுக்கில் அவனுடைய மெல்லிய கை எளிதில் நுழைந்தது. டென்ஷனரைப் படாரென்று விடாமல் மெல்ல மெல்லத் தளர்த்தினோம்.

“தம்பி, எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டதா, பார்” என்றோம்.

அவன் ஒரு கணம் திகைத்தான். பின் விரலால் தடவிப் பார்த்து, “கீழ்ச் சக்கரத்தில் ஒரு வரி வெளியே நிற்கிறது, அப்பா” என்றான். அப்படியே ஓட்டியிருந்தால் புதிய பெல்ட் அன்றே பிய்ந்திருக்கும். மீண்டும் தளர்த்திச் சரி செய்தோம். எஞ்சினை ஸ்பேனர் கொண்டு கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தபின் பேட்டரியை இணைத்தோம். சக்கரத்தை மாட்டி வண்டியைக் கீழே இறக்கியதும் சாவியைத் திருப்பினான் மகன். கூக்குரல் எழவில்லை. திண்ணையில் முறத்தின் ஓசையும் நின்றிருந்தது.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் மகனை எதிரில் அமர்த்தி, பாலிடெக்னிக்கைப் பற்றி நேரடியாகக் கேட்டோம். ஒரே இரவில் முடிவு பிறக்கவில்லை. எமக்கு இன்னும் தயக்கங்கள் உண்டு. ஆயினும் அந்த உரையாடலைச் சுமக்க இடையில் ஒருவர் தேவைப்படவில்லை. அவன் அன்னை வெகுநாளுக்குப் பின் முன்னிரவிலேயே உறங்கச் சென்றார்.

நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் திருக்குடும்பம் அவர் தோளில் நின்றது. நம் இல்லங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார்: தாயோ, பாட்டியோ, மூத்த மகளோ. அன்பான குடும்பத் தலைவர்களே, வீட்டில் ஓசை எழும்போது ஓசை எழுப்புகிறவரையே குறை கூறாதீர்கள். ஓசையின்றித் தேய்கிறவர் யாரென்று தேடிப் பாருங்கள். வண்டிக்குரிய டென்ஷனர் கடையில் கிடைக்கும். இல்லத்தில் அந்தப் பாரத்தை நாமே நேரில் ஏற்றுக்கொள்வது தவிர வேறு வழி இல்லை.