சேம அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் ஒரு மரத்துண்டுக்கு ஒப்பிடுகிறார். உப்பேற்றிச் செல்லும் உமணர்கள் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சு அது. எருதுகள் இளையவை, சுமையோ அதிகம், முன்னால் வரப்போவது மேடா பள்ளமா என்று தெரியாது. ஆகவே ஓர் அச்சு முறிந்தால் இன்னோர் அச்சு. நெருக்கடியில் துணை நிற்கும் தலைவனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை அரிது என்று வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பாடலை நடத்தும்போது உவமையோடு வண்டியும் கண்ணில் படுகிறது. கரடுமுரடான நிலத்தில் செல்வதற்காக மனிதர்கள் தம் வாகனத்தில் செய்துகொண்ட ஒரு மாற்றத்தைப் பற்றிய குறிப்பாகவும் அதை வாசிக்கலாம். அந்த மாற்றத்தால் வண்டியின் வேகம் கூடவில்லை. அச்சின் எடையும் சேர்ந்து எருதுகளுக்குப் பாரம்தான் கூடியிருக்கும். போன வண்டி போய்ச் சேர வேண்டும், பிறகு திரும்பவும் வேண்டும் என்பது ஒன்றே அதன் நோக்கம். சில ஆண்டுகளாக என் மோட்டார் சைக்கிளைச் சாலையில்லாத இடங்களுக்கு ஏற்றபடி சிறுகச் சிறுக மாற்றி வருகிறேன். எதைச் செய்வது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் உமணர்களையே நினைத்துக்கொள்கிறேன்.

சாலையிலும் சாலைக்கு வெளியிலும் ஓடக்கூடிய இருவகை வண்டிகள் உலகில் பரவலானதற்கு, 1968இல் விற்பனைக்கு வந்த யமஹா டிடி-1 ஒரு முக்கியக் காரணம் என்பார்கள். நம் நாட்டில் 2011இல் ஹீரோ இம்பல்ஸும், 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும், 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸும் வந்தன. என்னிடம் இருப்பது கடைசியாகச் சொன்னது. 200 சி.சி. எஞ்சின், 154 கிலோ எடை, தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி, முன்னால் 21 அங்குலமும் பின்னால் 18 அங்குலமுமாக ஸ்போக் சக்கரங்கள். முன்சக்கரம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கல்லைச் சிறிய சக்கரம் சுவராகக் காணும். பெரிய சக்கரம் சரிவாகக் கண்டு ஏறிவிடும். மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்த தச்சர்கள் இதை எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

இருவகை வண்டி என்பதே ஒரு சமரசம். தார்ச்சாலையும் வேண்டும், மண்ணும் வேண்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலை அந்தச் சமரசத்தைச் சராசரி உயரமும் சராசரி எடையும் கொண்ட ஒரு கற்பனை மனிதருக்காக, எந்த ஊரிலும் இல்லாத ஒரு சராசரி நிலத்துக்காகச் செய்து அனுப்புகிறது. நாம் செய்வது அந்தச் சமரசத்தை நம் ஊர் மண்ணுக்கு அருகே கொஞ்சம் நகர்த்துவதுதான். ஆனால் எந்த மண்ணுக்கு? கோவில்பட்டியைச் சுற்றி இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று மண்கள் இருக்கின்றன. மூன்றும் வண்டியிடம் மூன்று விதமாகக் கேட்கின்றன.

முதலாவது கரிசல். கோடையில் அது வெடிப்பு விட்டுக் கிடக்கும். முன்சக்கரம் வெடிப்போடு சேர்ந்து ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐப்பசி மழை விழுந்தபின் அதே நிலம் வேறொன்றாகிவிடுகிறது. டயரின் கட்டைகளுக்கிடையே புகுந்த மண் வெளியேறுவதில்லை. சுற்றுக்குச் சுற்று கனத்து, சக்கரம் களிமண் உருளையாகி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். முன் மட்கார்டு சக்கரத்தைவிட்டு உயரத் தூக்கி நிற்க வேண்டும் என்பதன் பொருள் கரிசலில்தான் விளங்கும். எக்ஸ்பல்ஸில் அது இயல்பாகவே உயரம். பின்சக்கரத்தில்தான் மண் அடைக்கும். அதற்கு நான் கண்ட தீர்வு, முனை சீவிய ஒரு முழ நீளப் பனைமட்டை. பையின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். செலவு ஒன்றுமில்லை. வண்டியில் செய்த மாற்றங்களிலேயே அதிகம் உழைத்தது அதுதான்.

இரண்டாவது தேரி. திருச்செந்தூருக்கும் சாயர்புரத்துக்கும் அந்தப் பக்கமெல்லாம் மேடிட்டுக் கிடக்கும் செம்மணல். காற்று அதைக் கொண்டுவந்து குவித்தது. இரும்புச் சத்து அதைச் சிவப்பாக்கியது. இங்கே டயர் கூர்மையாக இருப்பதைவிட அகலமாகப் படுவதுதான் முக்கியம். சாலையில் 28 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருந்தால் மணலில் 16, 18 வரை இறக்கலாம். டயர் தரையில் பரந்து அமர்ந்து, புதைவதற்குப் பதில் மிதக்கும். ஆனால் காற்றைக் குறைத்தால் வேறொரு தொல்லை வரும். ட்யூப் உள்ள டயர் ரிம்மின் மேல் வழுக்கித் திரும்பி, ட்யூபின் வால்வைப் பிடுங்கிவிடும். அப்படித் திரும்பாமல் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் என்ற சிறு துண்டு தேவைப்படுகிறது. திரும்பச் சாலைக்கு ஏறியதும் காற்றடிக்கக் கைப்பம்பும் வேண்டும். ஒரு மாற்றம் இன்னும் இரண்டைக் கையோடு அழைத்துவருகிறது.

மூன்றாவது மேற்கே மலையடிவாரம். காய்ந்த ஓடைகளில் உருண்டைக் கற்கள், சரளை, வேர்கள். மணலுக்காகக் காற்றைக் குறைத்த டயரோடு இங்கே வந்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். தேரிக்கு மருந்தானது ஓடைக்கு நஞ்சாகிறது. இங்கே எஞ்சினுக்கு அடியில் அலுமினியத் தகடு வேண்டும். கிளட்ச், பிரேக் லீவர்களைக் காக்கக் கைக்காப்பு வேண்டும். நின்றுகொண்டே ஓட்ட அகலமான கால்மிதிகள் வேண்டும். நின்று ஓட்டினால் முழங்கால்களும் சஸ்பென்ஷனாகிவிடும். வண்டி கீழே துள்ளும்போது உடல் மேலே அமைதியாக இருக்கும். நாற்பதைக் கடந்த முழங்கால்களுக்கு இதில் சில ஆட்சேபங்கள் உண்டு என்றாலும்.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டே சொன்னது நினைவிருக்கிறது: "சார், போறதுக்கு மட்டும் வண்டி செஞ்சா போதுமா? விழுறதுக்கும் சேத்துல்லா செய்யணும்." மண்ணில் ஓட்டுபவர் விழுவார். விழும்போது முதலில் தரையைத் தொடுவது லீவரின் நுனி, கியர் மிதி, ரேடியேட்டர் உள்ள வண்டியானால் ரேடியேட்டர். ஒரு லீவர் உடைந்தால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடத்திலிருந்து 154 கிலோவைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால் என் மாற்றங்களில் பெரும்பகுதி உமணர் வகையைச் சேர்ந்தவை. ஓடும் கிளட்ச் கேபிளை ஒட்டியே இன்னொரு கேபிளை முன்கூட்டியே பதித்துக் கட்டியிருக்கிறேன். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். 21 அங்குல ட்யூப் ஒன்று வைத்திருக்கிறேன். அது முன்சக்கரத்துக்கு உரியதானாலும், அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடிந்து அமர்ந்து வீடுவரை கொண்டுசேர்க்கும். ஔவையார் கண்ட அச்சுக்கும் இந்த ட்யூபுக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை.

இனி செய்யாமல் விட்டவை. 2022இல் இதே வண்டியின் ராலி வடிவம் வந்தது. முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. சஸ்பென்ஷன் அசைவு, என்னுடையதில் 190, 170தான். படிக்கும்போது ஆசை வரும். ஆனால் அதன் இருக்கை 885 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, என்னுடையது 823. வித்தியாசம் மூன்று விரற்கடைதான். சரிவில் பாதி ஏறி எஞ்சின் நின்றுவிடும் தருணத்தில், கால் தரையைத் தொடுமா தொடாதா என்பதை அந்த மூன்று விரற்கடைதான் முடிவு செய்யும். என் உயரத்துக்கு அது தொடாது. ஆகவே இருக்கும் சஸ்பென்ஷனையே சரியாக வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். ஓட்டுபவர் தன் முழு உடையோடு ஏறி அமர்ந்தால், மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும் என்பது பொது விதி. 170க்கு ஏறத்தாழ 55 மி.மீ. தையற்காரரின் டேப்பும், வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பரும் இருந்தால் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம். இதைச் செய்யாமலே விலையுயர்ந்த ஸ்பிரிங் வாங்குபவர்கள் பலர்.

பின் ஸ்ப்ராக்கெட்டில் சில பற்கள் கூட்டினால், நடக்கும் வேகத்தில்கூட எஞ்சின் திணறாமல் இழுக்கும். சாலையில் வேகம் குறைந்து இரைச்சல் கூடும். எனக்கு அந்தப் பேரம் ஒத்துவந்தது. இரும்புக் கம்பிகள், பெட்டிகள், கூடுதல் விளக்குகள் ஒத்துவரவில்லை. மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது பகைவரை எண்ணி. பாதுகாப்பு என்ற பெயரில் வண்டியில் சேரும் ஒவ்வொரு கிலோவும், விழுந்தபின் நாம்தான் தூக்கி நிறுத்த வேண்டிய கிலோ.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. பலர் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான். இரண்டு கிலோ குறையும், ஒலி கம்பீரமாகும் என்பார்கள். எனக்குத் தடையாக நிற்பது சட்டம் மட்டுமன்று. அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் கார்காலத்தில் முல்லை நிலத்தின் வழியே வீடு திரும்புகிறான். பூத்த சோலையில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். காத்திருப்பவளிடம் விரைந்து போகிறவன் அவன். அந்த அவசரத்திலும் தன் வாகனத்தின் ஒலியால் அந்த நிலத்தில் வாழும் உயிருக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறான். வண்டி மாற்றங்களைப் பற்றி நான் அறிந்த கட்டளைகளில் இதைவிடக் கறாரானது வேறில்லை. கரிசலில் கம்புக்குள் பதுங்கியிருக்கும் கவுதாரிகளுக்கு 200 சி.சி.யின் இயல்பான ஒலியே அதிகம்.

இங்கிருந்துதான் கடினமான கேள்வி தொடங்குகிறது. நல்ல டயரும் சரியான பல்லும் அமைந்த வண்டி முன்பு போகாத இடங்களுக்கெல்லாம் போகும். போக முடிகிறது என்பதாலேயே போகலாமா? தேரி மணலில் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. எஃப். இ. சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நகக்கண் அளவு கல்லைச் செதுக்கி அம்புமுனையாக்கிய மனிதர்கள் அந்த மேடுகளில் அமர்ந்திருந்திருக்கிறார்கள். கட்டை டயர் ஒரு நொடி வெறுமனே சுழன்றால் ஒரு சாண் ஆழத்துக்கு மணல் எறியப்படும். மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயும் போய்விடும். அகழாய்வாளருக்கு அந்த அடுக்குதான் ஏடு. தவிர, தேரியின் பல பகுதிகள் காப்புக்காடு. ஆகவே அங்கே பனையேறிகளும் முந்திரித் தோட்டக்காரர்களும் மாட்டு வண்டியோட்டிகளும் உண்டாக்கிய தடங்களோடு என் ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன். மேடு எதிரில் அழைத்துக்கொண்டுதான் இருக்கும். கரிசலிலும் அப்படியே. விதைத்த காட்டின் ஊடே ஓடும் டயர் ஒருவருடைய பருவத்தின் மேல் ஓடுகிறது.

நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, பிறகு எதற்கு இத்தனை மாற்றம் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாட்டு வண்டிகள் குறைந்துபோய், ஊர்களுக்கிடையே இருந்த பழைய தடங்கள் பல ஆளற்றுக் கிடக்கின்றன. உடைந்த கண்மாய்க் கரை, ஓடை குறுக்கிட்ட பள்ளம், உடைமரம் மூடிய திருப்பம் என்று அவை துண்டுதுண்டாகிவிட்டன. அந்தத் தடத்தின் வழியாகவே போய், உப்பும் பருத்தியும் கருப்பட்டியும் போன திசையை உடம்பால் அறிய எனக்கு இந்த வண்டி வேண்டியிருக்கிறது. இலக்கியம் படித்தவனுக்கு நிலம் முதற்பொருள் என்று தெரியும். அது தேர்வுக்கு எழுதிய விடை. கரிசல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்போதும், தேரி அதை விழுங்கும்போதும், ஓடைக்கல் அதை உதறும்போதும்தான் நிலம் ஏன் முதலில் வைக்கப்பட்டது என்பது எனக்குப் புரியத் தொடங்கியது.

அடுத்த மழைக்குமுன் முன்பக்க ஃபோர்க்கின் எண்ணெயை மாற்ற வேண்டும். பனைமட்டையும் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று சீவிக்கொள்ள வேண்டும்.