எந்தப் புடவைக்கும் பொருந்தும் வார்த்தை

'தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் பாரம்பரியம். கைதேர்ந்த கலைஞர்களின் நேர்த்தி. உங்கள் அழகுக்கு ஒரு மகுடம்.'

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பட்டுப் புடவை என்றா, வைர மாலை என்றா? எனக்கென்னவோ ஊறுகாய் ஜாடியில் ஒட்டினாலும் பொருந்தும் என்றுதான் பட்டது! (மகுடம் மட்டும் கொஞ்சம் இடிக்கும்.)

எழுதியவன் வேறு யாருமில்லை, என் அக்கா மகன்தான். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாலைந்து தறிக்காரர்களிடம் புடவை வாங்கி, படம் எடுத்து, ஃபோனிலேயே விற்கிறான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நாலு வரி எழுதவேண்டுமாம். "சித்தி, நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே, இதைக் கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்று கொண்டுவந்து நீட்டினான். நான் படித்ததென்னவோ பிளஸ் டூ வரைதான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் புடவை எடுத்தவள் நான்தானே!

விஷயம் விளையாட்டு இல்லை. மாம்பழக் கலர் உடலும் அரக்குக் கரையுமாக ஒரு கோர்வைப் புடவை, விலை இருபத்தெட்டாயிரம், அவன் பீரோவிலேயே ஐந்து மாதமாகத் தூங்குகிறது. படத்தில் பார்த்தால் அச்சாக அதே போல இருக்கும் இன்னொரு புடவை, வேறொரு கடையில் ஏழாயிரம். அதற்குக் கீழேயும் 'பாரம்பரியம்', 'நேர்த்தி', 'கலைஞர்கள்'! வாங்குகிறவள் எதைப் பார்த்து இருபத்தோராயிரம் அதிகம் கொடுப்பாள்? இவன் பாடு இப்படியென்றால், அந்தப் புடவையை நெய்தவர், "அடுத்த பாவு போடலாமா, வேணாமா தம்பி?" என்று வாராவாரம் கேட்கிறாராம்.

"இந்த வரியை அந்த ஏழாயிரம் புடவைக்குப் போட்டா பொருந்துமா, பாரு. பொருந்தினா அடிச்சிடு" என்றேன். அடித்துக்கொண்டே வந்தான். கடைசியில் மிஞ்சியது புடவையின் நீளமும் விலையும்தான்! பையன் முகம் வாடிப்போய்விட்டது.

மறுநாள் அவனோடு நானும் பிள்ளையார்பாளையம் போனேன். கோர்வை என்று வாயால் சொல்கிறோமே தவிர, அதைத் தறியில் பார்த்தால்தான் அருமை தெரியும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. உடலின் ஊடை நூல் கரைக்குள் போகக்கூடாது. கரையின் நூலும் உடலுக்குள் வரக்கூடாது. இரண்டும் சேருகிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பவேண்டும், ஒவ்வொரு இழைக்கும். ஒரே ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கவேண்டும். அப்படி உட்கார ஆள் கிடைக்காமல்தான் பலரும் கோர்வையையே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கஷ்டத்துக்குப் பலன் என்ன தெரியுமா? அரக்குக் கரை முழு அரக்காகவே இருக்கும். மாம்பழத்தின் மஞ்சள் அதில் துளிக்கூடக் கலந்திருக்காது. கோர்வை இல்லாத புடவையில் ஒரே ஊடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவதால், கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்து தெரியும். புடவையைப் புரட்டிப் பார்த்தால், கரை சேருகிற இடத்தில் கோத்த தடம் கையில் தட்டுப்படும். என் மாமியார் இதை ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இதை அப்படியே எழுதச் சொன்னேன். 'கோர்வைக் கரை. மூன்று நாடா, இரண்டு பேர், பதினெட்டு நாள். கரையில் உடலின் நிறம் கலக்கவில்லை, புரட்டிப் பாருங்கள்.' இந்த வரியை ஏழாயிரம் புடவைக்கு எடுத்துப் போடட்டும் பார்ப்போம்! புரட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளுமே!

அவன் நெய்தவரின் பெயரையும் சேர்த்து எழுதி, அவர் வீட்டிலேயே வாசித்துக் காட்டினான். அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் சம்சாரம் மட்டும் காபி டம்ளரை வைத்துவிட்டு, "ரெண்டு பேருன்னு போட்டீங்க, சரி. ஒரு பேருதானே இருக்கு?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பதினெட்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியது அந்த அம்மாதான். பையன் அங்கேயே பேனாவை எடுத்துவிட்டான்.

இன்னொரு ரகம் உண்டு சகோதரிகளே. அது வெறும் புகழ்ச்சியைவிட மோசம். காதுக்கு நல்ல வார்த்தையாக இருக்கும், அர்த்தம் நேர்மாறு. 'டெஸ்டட் ஜரிகை' என்றால் யாரோ சோதித்துப் பார்த்து நல்லது என்று முத்திரை குத்திய ஜரிகை என்றுதானே நினைப்போம்? அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் பூசியது. 'டெஸ்டட்' என்று வியாபாரத்தில் சொல்வது, செம்புக் கம்பிக்கு வெள்ளிமுலாம் பூசியது! சுரண்டினால் செம்பு பல்லைக் காட்டும். 'ஆர்ட் சில்க்' என்பதில் கலை ஒன்றும் கிடையாது. 'ஆர்ட்டிபிஷியல்' என்பதன் வாலை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். 'காஞ்சி டைப்' என்பது காஞ்சிபுரத்தை எட்டிக்கூடப் பார்க்காததாக இருக்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த 'டைப்', 'ஸ்டைல்' எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன போலும்.

முத்திரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்லதுதான். 2004-ல் வந்த சில்க் மார்க் 'இது சுத்தப் பட்டு' என்று சொல்லும். கைத்தறியா, விசைத்தறியா என்று சொல்லாது. ஜரிகையைப் பற்றியும் பேசாது. கைத்தறிக்கு 2006-ல் தனியாக ஹேண்ட்லூம் மார்க் வந்தது. ஆகவே 'முத்திரை பெற்றது' என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்த முத்திரை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டு நூலா என்பதில் சந்தேகமிருந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணிபோல் உருண்டால் பிளாஸ்டிக் சாதி. (கடைக்காரர் முன்னால் செய்யாதீர்கள், ரகளையாகிவிடும்!)

மாம்பழக் கலர் புடவை போய்விட்டதா என்று கேட்பீர்கள். வேலூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, "புரட்டின பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புப்பா" என்றாராம். அனுப்பினான். ஜரிகையில் வெள்ளி எத்தனை பங்கு என்றும் கேட்டிருக்கிறார். அதைச் சங்கத்தில் கேட்டுச் சொல்வதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது. அப்புறம் பணம் வந்தது. தறிக்காரர் அடுத்த பாவு போட்டிருக்கிறார், மயில்கழுத்து நிறத்தில்.

ஆனால் அவனிடம் கோர்வை இல்லாத புடவைகளும் ஆறு இருக்கின்றனவே! கைத்தறிதான், நல்ல பட்டுதான், பாதி விலை. அதற்குக் கீழே 'கோர்வை இல்லை' என்று எழுது என்றேன். "யாராவது இல்லாததைப் போட்டு விப்பாங்களா சித்தி? இருக்கறதை மட்டும் எழுதறேனே" என்கிறான். "இருக்கறதை மட்டும் எழுதித்தானே அந்த ஏழாயிரம் கடைக்காரரும் விக்கிறார்" என்றேன் நான். இவர் பேப்பரை விலக்கிவிட்டு, "அவன் வயித்துப் பொழைப்பைக் கெடுக்காதேடி" என்கிறார். மூன்று புடவைக்கு எழுதிவிட்டான். மீதி மூன்றுக்கு இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.