மறிச்சுக்கட்டிப் பாதையில் நத்தார்

மன்னார்ப் பாலம் தாண்டித் தள்ளாடியில் தெற்கே திரும்பினால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி என்று ஊர்கள் வரிசையாக வரும். அந்த வரிசையில் கடைசி மறிச்சுக்கட்டி. அதற்கு அப்பால் வில்பத்துக் காடு, காடு முடிந்தால் புத்தளம். மார்கழியில் வாடைக்காற்று பஸ் யன்னலால் அள்ளி அடிக்கும். அருவியாறு கலங்கி ஓடும். அரிப்பில், முத்துக்குளிப்பு நடந்த கடலைப் பார்த்தபடி, ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை இடிந்து நிற்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பெண்கள் குழுக்களின் கூட்டங்களுக்காக நான் இந்தப் பாதையில் பலமுறை போய்வந்திருக்கிறேன். நத்தார் நெருங்கும் நாட்களில் போவது மட்டும் எனக்கு வேறு மாதிரி இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறிச்சுக்கட்டி முஸ்லிம் மக்களின் ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊரும் வெறுமையானது. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 2009இல் போர் முடிந்த பின் திரும்பி வந்தால், ஊர்க் காணியில் காடு வளர்ந்திருந்தது. அந்தக் காட்டை அரசு வனமாக அறிவித்ததனால் இன்னொரு வழக்கு, இன்னொரு காத்திருப்பு.

மறிச்சுக்கட்டிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருப்பது முள்ளிக்குளம், பழைய கத்தோலிக்க ஊர். 2007 செப்ரெம்பர் 8ஆம் திகதி, மாதாவின் பிறந்தநாள் திருநாளன்று, அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டதாம். ஊரில் கடற்படை முகாம் வந்தது. 2012இல் ஒரு பகுதியினர் சொந்த ஊருக்குப் போக முடியாமல், பக்கத்தில் மலங்காட்டில் மரங்களுக்குக் கீழே குடியேறினார்கள். மாதா கோயில் முகாம் எல்லைக்குள் இருந்தது. பூசைக்குப் போவதென்றால் கடற்படையின் அனுமதியோடு போய்வர வேண்டும். 2017 பங்குனியில் ஊர் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். சித்திரை இறுதியில் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதன் பிறகும் பல குடும்பங்கள் பழைய வளவில் கால் வைக்க முடியவில்லை. அதே பங்குனி, சித்திரையில் மறிச்சுக்கட்டியில் முஸ்லிம் மக்களும் தங்கள் காணிக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அயல் ஊர்கள் இரண்டு, ஒரே காலத்தில், ஒரே கேள்வியோடு.

மலங்காட்டில் ஓர் அக்கா எனக்குத் தேத்தண்ணீர் தந்துகொண்டே சொன்னார்: "நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுறம் தங்கச்சி. ஓலைக் கொட்டில் கட்ட எங்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சகோதரிகளே, நம் வழக்கத்தில் துக்க வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை. அயலவர்தான் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். ஆண்டுத் திவசப் பூசை முடிந்ததும் வீடு மெல்ல மெல்லக் கொண்டாட்டத்துக்குத் திரும்பும். துக்கத்துக்கு நம் முன்னோர் வைத்த நல்ல எல்லை அது. ஆனால் காணாமற்போனவர்களின் வீட்டில் அந்த வருடம் எப்போது தொடங்கும், எப்போது முடியும்? என் அண்ணன் 2009 சித்திரையில் காணாமற்போனார். இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. கார்த்திகை 2ஆம் திகதி எல்லாரும் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும்போது அம்மாவுக்கு ஏற்றுவதற்குக் கல்லறை இல்லை. வீட்டில் பாலன் குடிலும் இல்லை, பலகாரமும் இல்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 தையில் ஆணைக்குழு முன் சாட்சியம் சொன்னபோது, கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். 2021 சித்திரையில் அவரும் மறைந்தார். கேள்விக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இத்தகைய துயரத்தைத் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிடுகிறார். ஆள் உடலால் இல்லை, மனதில் இருக்கிறார், ஆகவே துக்கம் உறைந்துபோகிறது என்பது அவர் விளக்கம். இதற்கு முடிவு தேடச் சொல்லி வற்புறுத்தாமல், விடை தெரியாமலே வாழப் பழக உதவ வேண்டும் என்கிறார். படித்தபோது அம்மாவின் முகம்தான் தெரிந்தது. "அழாதே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று அவரிடம் சொல்லிப் போனவர்கள் பலர். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தை அவரைக் கோயிலிலிருந்து தூரமாக்கியதே தவிர, கிட்டே கொண்டுவரவில்லை.

மலங்காட்டு அக்காவிடம், இத்தனைக்குப் பிறகும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்றைப் பிரித்துப் படிப்பித்தது அவருக்கு நினைவிருக்கிறது. "விசுவாசம் இருக்குது. நம்பிக்கைதான் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளிலயும் செபமாலை சொல்லுவன்" என்றார். அவர்கள் நத்தார் இரவுச் செபமாலையில், பாலன் குடிலுக்கு முன்னால், இறந்தவர், காணாமற்போனவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். சந்தோச நாளில் இது எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். "பிறகு எந்த நாளில சொல்லுறது?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

அவர் கேட்டது சரி. திருச்சபையின் நாட்காட்டியைப் பாருங்கள். நத்தாருக்கு அடுத்த நாள், கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பரின் திருநாள். 28ஆம் திகதி மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். ஏரோது மன்னனின் ஆட்கள் பெத்லகேமில் கொன்ற பிள்ளைகளின் நாள். மத்தேயு எழுதிய நற்செய்தியில் வானதூதர் அந்தத் தாய்மாரிடம் வந்து ஆறுதல் சொல்லவில்லை. பிள்ளைகளை இழந்த ராகேல் தேற்ற முடியாமல் அழுததைத்தான் மத்தேயு அங்கே நினைவூட்டுகிறார். அந்த அழுகையை விசுவாசக் குறைவு என்று அவர் எழுதவில்லை. அதே நேரத்தில் மரியாள் கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறாள். ஓடித் தப்பியவளும் ஓட முடியாதவர்களும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறார்கள். வன்னியில் இருந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004இல் நத்தாருக்கு மறுநாள் கடல் வந்ததை முல்லைத்தீவுப் பெண்கள் மறக்கவும் மாட்டார்கள்.

திரும்பும்போது மறிச்சுக்கட்டியில் ஓர் உம்மாவின் வீட்டுக்குப் போனேன். 1990இல் கைக்குழந்தையோடு இந்த ஊரை விட்டுப் போனவர் அவர். மலங்காட்டில் கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட குர்ஆனிலயும் மர்யம் பட்ட பாடு இருக்குது மகள்" என்றார். மர்யம் என்ற பெயரிலேயே உள்ள அத்தியாயத்தில் வரும் கதையைத் தன் வார்த்தையில் சொன்னார். பிரசவ வேதனையில் தனியாக ஈச்சமரத்தடியில் ஒதுங்கிய மர்யம், இதற்கு முன்னமே செத்துப் போயிருக்கக்கூடாதா என்று புலம்புகிறார். அதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே, காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும் என்றுதான் குரல் வருகிறது. "முதல்ல தண்ணி, சாப்பாடு. அறிவுரை இல்ல" என்றார் உம்மா. சமூகப் பணி பற்றி நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக எவரும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு வீட்டுக் கதையையும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. நத்தார் இரவுப் பூசைக்கும் வரவில்லை. 28ஆம் திகதி விடியற்காலை, சீலை உடுத்து வாசலில் நின்றார். கோயிலில் ஆட்கள் குறைவு. கடைசி வாங்கில் இருந்தார். மன்றாட்டு நேரத்தில் அண்ணனின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தப் பூசைக்கு மட்டும் வருகிறார். நத்தார்ப் பூசைக்கும் வரச்சொல்லி நான் கேட்பதில்லை.