ஆட்டம் நின்ற இரவு

கூடைப்பந்தாட்டத்தில் நடுவர் பந்தை மேலே எறிந்ததும் ஆட்டம் தொடங்கும் என்பது எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சிறுமிக்கும் தெரியும். பந்து மேலே எழச் சில நொடிகளே இருக்கும்போது ஒருவர் ஓடி வந்து ஆட்டத்தை நிறுத்தினால் எப்படியிருக்கும்? 2020 மார்ச் 11 ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்து அரங்கில் அப்படித்தான் நடந்தது.

இச்செய்தி எங்களுக்கு வந்த வழி சற்று வேடிக்கையானது. எங்கள் அணியில் ஒருத்தியின் அண்ணன் என்.பி.ஏ. ஆட்டங்களின் தீவிர இரசிகர். அங்கே இரவு என்றால் இங்கே விடியற்காலை. "பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஐந்தரை மணிக்கு எழுந்து கணினி முன் உட்கார்ந்துவிடுவாராம். (அவருடைய அம்மாவும் இம்மலரைப் படிப்பார்கள் என்பது அவருக்கு இன்னும் தோன்றவில்லை!) இவ்வாண்டு மழையினால் பயிற்சி நின்ற ஒரு மாலையில், வராந்தாவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவள் இக்கதையைச் சொன்னாள்.

யூட்டா ஜாஸ் அணியும் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் மோத வேண்டிய நாள். 18,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கம். ஆட்டக்காரர்கள் களத்தில் நின்றார்கள். அப்போது தண்டர் அணியின் மருத்துவப் பொறுப்பாளர் விரைந்து வந்து நடுவர்களிடம் ஏதோ சொன்னார். பயிற்சியாளர்கள் கூடிப் பேசினார்கள். இரு அணியினரும் உள்ளே போய்விட்டார்கள். இரசிகர்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. இடைவேளையில் பாட வந்திருந்த பாடகரை முன்னதாகவே அழைத்துப் பாடச் செய்தார்கள்! அதற்குப் பிறகுதான், எதிர்பாராத சூழ்நிலையால் ஆட்டம் தள்ளிவைக்கப்படுகிறது, யாரும் அஞ்ச வேண்டாம், ஒழுங்காக வெளியே செல்லுங்கள் என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

ஜாஸ் அணியின் ரூடி கோபேர் என்ற பிரெஞ்சு நாட்டு ஆட்டக்காரருக்குக் கொரோனா கண்டிருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அன்றிரவே என்.பி.ஏ. போட்டித் தொடர் முழுவதையும் நிறுத்திவைத்தது. உலக சுகாதார நிறுவனம் அந்நோயை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே நாளில்தான்.

இரசிகர்களின் கவலை அற்பமானது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அக்டோபரிலிருந்து பின்தொடர்ந்து வந்த ஒன்று திடீரென அறுந்துபோனால் யாருக்கும் வலிக்கும். அவ்வாண்டு எங்களில் நால்வருக்குப் புதுநன்மை. வெள்ளை உடை தைத்து வந்து பீரோவில் தொங்கியது. விழா தள்ளிப்போனதும் நாங்கள் அழுத அழுகை கொஞ்சமா! மறு ஆண்டு அது நடந்தபோது உடை முழங்காலுக்கு ஏறிவிட்டிருந்தது. அங்குள்ள இரசிகர்களும் அப்படித்தான், பழைய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சிகாகோ புல்ஸ் அணியைப் பற்றி ஜூன் மாதம் வரவிருந்த பத்துப் பகுதி ஆவணப்படத்தை ஏப்ரல் 19 அன்றே வெளியிட்டார்கள். அரங்கத்தில் சீட்டுக் கிழிப்பவரும் தின்பண்டம் விற்பவரும் கூலியின்றி நிற்பதைக் கண்டு, நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் அணியின் 19 வயது சையன் வில்லியம்சன் தம் அணியின் அரங்கப் பணியாளர்களுக்கு 30 நாள் சம்பளத்தைத் தாம் ஏற்பதாக அறிவித்தார். அதை எல்லா அணி இரசிகர்களும் புகழ்ந்தார்கள்.

ஆனால் கோபேரைப் பலர் திட்டித் தீர்த்தார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன், மார்ச் 9 அன்று, செய்தியாளர் கூட்டம் முடிந்து எழுந்தவர், நோயைக் கேலி செய்வது போல் மேசையிலிருந்த மைக்குகளையெல்லாம் வேண்டுமென்றே கையால் தடவிவிட்டுப் போயிருந்தார். தம் உடலில் அந்நோய் இருப்பது அவருக்குத் தெரியாது. நோயைக் கொண்டுவந்தவர், ஆட்டத்தைக் கெடுத்தவர் என்று பழியெல்லாம் அவர் மேல் விழுந்தது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. மறுநாளே அவர் மன்னிப்புக் கேட்டார். அரங்கப் பணியாளர்களுக்கும் நோயால் நலிந்தோருக்குமாக 5 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். அப்படியும் ஏச்சு உடனே ஓயவில்லை.

மைக்கைத் தடவிய கதையைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

2020 மே மாதம் அவளுடைய அப்பா கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நோய் வந்தது. வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அவர் மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்து நலமாகித் திரும்பினார். நாங்கள் என்ன செய்தோம்? செபமாலை சொன்னோம். எங்கள் எங்கள் வீட்டாருக்காகச் சொன்னோம். இணையவழி வகுப்பு தொடங்கியபோது, சிஸ்டர் வருகைப் பதிவு எடுக்கையில் அவள் பெயருக்கு எதிரே ஒருத்தி "கோயம்பேடு" என்று தட்டினாள். மற்றவர்கள் சிரிக்கும் பொம்மைகளை அனுப்பினோம். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பெயர் ஓராண்டுக்கு மேல் அவளை விடவில்லை. முதலில் தட்டியவள் யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. இக்கட்டுரையை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. கோபேராவது மைக்கைத் தடவினார். இவள் எதையும் தடவவில்லை. அவள் அப்பா ஊருக்குக் காய்கறி கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

அன்று மழை விட்ட பிறகும் நாங்கள் களத்தில் இறங்கவில்லை. அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவள்தான், "அந்த ஆள் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டாள்.

சொல்கிறோம். நான்கு மாதங்களுக்குப் பின், ஜூலை 30 அன்று, ஃப்ளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் 22 அணிகளை மட்டும் வைத்துத் தொடரை மீண்டும் தொடங்கினார்கள். பார்வையாளர் எவருக்கும் அனுமதியில்லை. களத்தின் மூன்று பக்கமும் 17 அடி உயரத் திரைகள். தத்தம் வீட்டிலிருந்தபடியே 300 பேர் அளவில் அத்திரைகளில் தோன்றிக் கைதட்டினார்கள். முதல் ஆட்டம் ஜாஸ் அணிக்கும் பெலிகன்ஸ் அணிக்கும். முதல் கூடையைப் போட்டவர் யார் தெரியுமா? கோபேர்தான்! ஆட்டம் முடிய ஏழு நொடிகூட இல்லாத நேரத்தில் 104-க்கு 104 என்று சமமாக நின்றபோது, இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு அணியை வெல்ல வைத்தவரும் அவரே. அவரை ஏசிய இரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள்.

"நன்றாக வேண்டும்," என்றாள் அவள். யாருக்கு என்று சொல்லவில்லை.

இக்கட்டுரையைச் சிஸ்டரிடம் கொடுப்பதற்கு முன் அவளிடம் காட்டி அனுமதி கேட்டோம். "அவள் அழுதாள்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தோம். "நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. அதை எடுத்துவிடுங்கள்," என்றாள். எடுத்துவிட்டோம்.