கழற்றிப் பார்த்தேன்!

காமிராக்களிலும் வருணம் உண்டு, தோழர்களே! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழங்காலக் காமிராக்களைத் தேடி வாங்கும் அன்பர்களிடம் அரைமணி நேரம் பேசிப் பாருங்கள். உச்சியிலே லைக்கா. அதன் பெயரை உச்சரிக்கும்போதே அவர்கள் குரல் தாழ்கிறது, கண் சொக்குகிறது. அடுத்த படியில் ஜெர்மனியிலேயே பிறந்த கான்டாக்ஸ். அதற்கும் அடுத்து ஜப்பானியக் கேனன், யாஷிகா வகையறா. எல்லோருக்கும் கீழே, திண்ணையில்கூட இடமின்றித் தெருவிலே நிற்பவை சோவியத் நாட்டு ஃபெட்டும் சோர்க்கியும். "அதுவா? லைக்காவைப் பார்த்து அடித்த காப்பி!" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர்.

லைக்காவின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆஸ்கார் பார்னாக் என்னும் தொழில் வல்லுநர், திரைப்படத்துக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் சுருளைச் சட்டைப் பைக்குள் அடங்கும் பெட்டியிலே ஓடவிட்டார். எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் அதை 1925இல் லைப்சிக் சந்தையில் உலகுக்குக் காட்டியது. 1932இல் வந்த இரண்டாம் லைக்காவில், தொலைவை அளந்து சொல்லும் கண் ஒன்று லென்ஸோடு இணைக்கப்பட்டது. இவ்வகையைத்தான் ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா என்பர். முகப்பிலே சற்று விலகி இரண்டு சிறு சன்னல்கள். ஒன்றின் வழியே காட்சி நேராக வருகிறது. மற்றதன் வழியே வருவது உள்ளே திரும்பி, முன்னதன் மேல் வந்து விழுகிறது. லென்ஸைத் திருகத் திருக இரண்டாம் உருவம் நகர்கிறது. இரண்டும் ஒன்றாகும்போது லென்ஸ் சரியான தொலைவுக்கு வந்துவிட்டது என்று பொருள். 1802இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்த நாட்டை அளக்கப் புறப்பட்டாரே லாம்டன், அவர் கையாண்ட கணக்குத்தான் இதுவும்! அவருடைய அடிக்கோடு ஏழரை மைல். இந்தப் பெட்டியினுடையது ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர்.

நான் பயின்றது வரலாறு. கற்பிப்பது சமூக அறிவியல். எங்கள் பள்ளி ஓசூருக்குத் தெற்கே, ராகிக் கொல்லையும் ஆலைச் சுவரும் மாறி மாறி வரும் ஊரொன்றில் இருக்கிறது. என் வகுப்பிலே வீட்டு மொழி தமிழாக உள்ளவர் பாதிப் பேர். மற்றப் பாதியினர் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர். கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தோரின் பிள்ளைகள் நால்வர். மாணவியர் சிலரின் தமக்கையர், நம் மாவட்டத்திலேயே உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான உறுப்புகளைச் செய்யும் வேலையில் இருக்கின்றனர். விடியுமுன் கம்பெனிப் பேருந்து வந்து அவர்களை ஏற்றிச் செல்கிறது.

"கையிலே கைப்பேசி இருக்க, பழங்காமிரா எதற்கு?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. கைப்பேசி நன்றாகவே படம் எடுக்கிறது. ஆனால் எப்படி எடுக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டால் திறந்து காட்ட முடியாது. அதன் உறுப்பைச் செய்யும் தமக்கையாலும் முடியாது. திறந்து காட்டக்கூடிய ஒரு கருவி எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒரு ஞாயிறன்று ஜூஜுவாடி எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் பேருந்தேறினேன்.

தெருவோரச் சந்தையிலே, பழைய பூட்டுகளுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் நடுவே, பளபளவென்று பொன்னிறத்தில் ஒரு காமிரா! மேலே லைக்கா என்ற பொறிப்பு. அருகில் கழுகு, கழுகின் காலடியில் நாஜிகளின் சுவஸ்திகம்.

"ஹிட்லர் காலத்து ஆபீசர் வச்சிருந்தது மேடம். நாற்பதாயிரம்."

அதன் பக்கத்திலேயே, கீறல் விழுந்த, நிறம் மங்கிய மற்றொன்று. உருவம் அதே உருவம், அளவும் அதே அளவு. பொறிப்பு மட்டும் ரஷ்ய எழுத்தில்: ஃபெட்.

"அது?"

"அது ரஷ்யா மாடல் மேடம். நாலாயிரம் கொடுங்க போதும்."

லென்ஸைக் கழற்றிப் பார்க்க இசைவு கேட்டேன். தயங்கினார், பிறகு இசைந்தார். லென்ஸைத் திருகி எடுத்தால், உட்குழியின் மேற்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் தெரியும். லென்ஸின் அசைவைத் தொலைவளக்கும் கண்ணுக்கு எடுத்துச் சொல்வது அதுதான். அசல் லைக்காவில் அதன் நுனியிலே ஓர் உருளைச் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் சோர்க்கியிலும் சக்கரம் இராது. மூக்குப் போல் வளைந்த உலோகத் துண்டு இருக்கும். பொன்னிறப் பெட்டியைக் கழற்றினேன்: மூக்கு! மங்கிய பெட்டியைக் கழற்றினேன்: அதே மூக்கு! சோவியத் காமிராவின் மேலெழுத்தை அழித்து, முலாம் பூசி, லைக்கா என்று பொறித்து விற்கும் வாணிபம் உலகெங்கும் பல்லாண்டுகளாக நடப்பதுதான். அந்த வியாபாரிமேல் எனக்குக் கோபமில்லை; அவரிடமும் எவரோ அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள். ஆயினும் கணக்கைப் பாருங்கள், தோழர்களே! ஒரே வயிற்றில் பிறந்த இருவர். ஒருவனுக்குப் பூணூல் மாட்டியதும் விலை பத்து மடங்கு!

அந்தக் கழுகை எண்ணும்போதுதான் சிரிப்பு வருகிறது. சிரிப்புக்குப் பின்னே எரிச்சலும் வருகிறது. ஃபெட் பிறந்த ஊர் உக்ரைனின் கார்க்கிவ். 1941இல் ஹிட்லரின் படை அவ்வூரைப் பிடித்தது. பிடித்தவனின் முத்திரையைப் பிடிபட்ட ஊரின் பிள்ளை மீது குத்துகிறார்கள்! லைக்காவுக்கும் அது பெருமையன்று. அந்நிறுவனத்தை நடத்திய இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், யூதப் பணியாளர்களை வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்புவதாகச் சொல்லி நாஜிகளிடமிருந்து தப்புவித்தவர். அவருடைய மகள் எல்சி, யூதப் பெண்மணிக்கு உதவியதற்காக ரகசியப் போலீசால் சிறைப்பட்டவர். கழுகைப் பொறித்தவனுக்கு இரண்டு வரலாறும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது சந்தை.

நாலாயிரத்தைக் கொடுத்து மங்கியதை வாங்கிக்கொண்டேன்.

ஃபெட்டின் பிறப்பைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஓர் ஆசிரியைக்கு அதைவிட இனிய கதை வேறில்லை. உலகப் போரும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அடுத்தடுத்துத் தாக்கிய பின்னர், அந்நாட்டுத் தெருக்களிலே பெற்றோரற்ற சிறுவர்கள் இலட்சக்கணக்கில் அலைந்தார்கள். திருடினார்கள், ரயிலடியில் உறங்கினார்கள். "இவர்கள் உருப்படமாட்டார்கள்" என்றது ஊர். அந்தோன் மக்காரென்கோ என்னும் பள்ளி ஆசிரியர், ரயில்வே பட்டறையில் வண்ணம் பூசிய தொழிலாளியின் மகன், அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1920இல் பொல்தாவா அருகே ஒரு குடியிருப்பு. 1927இன் இறுதியில் கார்க்கிவ் அருகே மற்றொன்று. பிந்தியதில் சிறுவர்களும் சிறுமியரும் படிப்போடு நாளில் நான்கு மணி நேரம் தொழிற்கூடத்தில் உழைத்தனர். முதலில் தச்சு வேலை. 1932இல் மின் துளைக்கருவி செய்தார்கள். 1934இல் லைக்காவைப் பிரித்துப் பார்த்து, அதுபோல் ஒன்றை வரிசையாகச் செய்து வெளியிட்டார்கள். அதுதான் ஃபெட்!

பெயரைப் பற்றி ஒரு சொல். ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்பவரின் பெயரில் முதலெழுத்துகள் சேர்ந்து ஃபெட் ஆயிற்று. அவர் சோவியத் ரகசியப் போலீசைத் தோற்றுவித்தவர். அந்தக் குடியிருப்பை ஆதரித்ததும் அதே துறைதான். அந்தத் துறையால் அழிந்தோர் எண்ணிலர். பெயருக்கு நான் வணக்கம் சொல்லமாட்டேன். ஆனால் லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் இடைப்பட்ட தொலைவு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பிசகினாலே படம் மங்கிப்போகும். அந்த நுட்பத்தைச் சாதித்தவை நேற்றுவரை பை கிழித்துத் திரிந்த விரல்கள்! காப்பி என்று ஏளனம் செய்வோர் அந்த விரல்களை நினைத்துப் பார்த்ததுண்டா? என்னிடம் உள்ளது போருக்குப் பின் செய்யப்பட்டது. சிறுவர்கள் தொடங்கிய தொழிலின் தொடர்ச்சி. 2022 முதல் அந்த ஊரின் மீது மீண்டும் குண்டு விழுகிறது, இம்முறை ரஷ்யாவின் குண்டு.

இனி என் காமிராவுக்கு வருகிறேன். அது இலேசில் வசப்படவில்லை. பழைய உடையவர் எவரோ ஆயுதபூசைக்குப் பொட்டு வைத்து வைத்து, லென்ஸ் வளையத்தின் புரியிலே குங்குமம் இறுகிப் போயிருந்தது. ஊசியால் கிளறி எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. சுருளை அடிப்புறமாகச் செருகவேண்டும். அதற்கு முன் அதன் முனையைக் கத்தரியால் நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். சுருளை ஒரு படம் நகர்த்திய பின்னரே வேகத்தை மாற்றவேண்டும். ஒளியை அளக்கும் கருவி கிடையாது. வெயிலைப் பார்த்து நாமே கணிக்கவேண்டும். சுருளும் விலை அதிகம், எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் சுருளும் தாளும் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று மூடிக்கிடக்கிறது.

முதற் சுருளைக் கழுவினால் ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் போல வெள்ளைப் புள்ளிகள்! எவரோ லென்ஸை மூடாமல் வெயிலை நோக்கி வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி போலக் குவிந்த கதிர், உள்ளிருக்கும் ரப்பர் பூசிய துணித்திரையைத் துளைத்துவிட்டது. யாரிடம் காட்டுவது? எங்கள் தெருவிலேயே ஆள் இருந்தார். டைட்டன் நிறுவனம் 1980களில் ஓசூரில் கடிகார ஆலை தொடங்கியபோது, சுற்றுவட்டாரத்துக் கிராமப் பிள்ளைகளை எடுத்துத் தொழில் பயிற்றியது. கடிகாரத்தின் உட்புறத்தையே அதுவரை கண்டிராத இளைஞர்களும் பெண்களும் அதன் நுண்சக்கரங்களைக் கோத்தார்கள். அப்படிக் கடிகாரத் தொழில் கற்று ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், காமிராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம சாமான் மாதிரிதாம்மா, கொஞ்சம் பெரிசு" என்றார். கறுப்பு ரப்பர்ப் பூச்சை மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்துத் துளைகளை அடைத்துவிட்டார்.

பிறகு காமிரா வகுப்புக்குப் போயிற்று. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை விடமாட்டேன் என்றாள். கணக்கிலே தேறாதவள், வகுப்பிலே வாய் திறவாதவள். ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் ஒருவர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், சிரித்தார்: "அந்தப் பெண்ணா? அப்பன் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கிறவன். பாட்டன் கல் உடைத்தவன். மூளை எங்கிருந்து வரும்? எல்லாம் வித்தின் குணம் அம்மா!"

நான் வாதிடவில்லை. வாதிட்டால் இதிகாசத்தில் தொடங்கி இட ஒதுக்கீட்டில் வந்து நிற்பார், மணி அடித்துவிடும்.

மறுநாள் தாழ்வாரத்தில் அளவு நாடாவை விரித்துத் தொலைவு பார்த்தோம். அவள் தூணின் விளிம்பை நோக்கி இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கினாள். லென்ஸ் வளையம் மூன்று மீட்டர் என்றது. நாடாவோ மூன்று மீட்டர் முப்பது சென்டிமீட்டர் என்றது. மற்றப் பிள்ளைகள், "நாடாவைச் சரியாப் பிடிக்கல டீச்சர்!" என்றனர். மீண்டும் அளந்தோம், அதே வேறுபாடு. 'நாடா பொய்யா, காமிரா பொய்யா?' என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெரும்பான்மை காமிராவின் பக்கம். வெளிநாட்டுச் சரக்கு அல்லவா!

அவள் மெல்லச் சொன்னாள்: "நாடா சொன்ன மாதிரி ஒண்ணு, காமிரா சொன்ன மாதிரி ஒண்ணு, ரெண்டு படம் எடுத்துப் பார்க்கலாம் டீச்சர்."

லென்ஸை முழுதும் திறந்து வைத்து இரண்டு படம் எடுத்தோம். அன்றிரவே சுருளைக் கழுவினேன். நாடாவின்படி எடுத்ததில் தூணின் சுண்ணாம்பு வெடிப்புக்கூடத் தெளிவு. காமிராவின்படி எடுத்ததில் தூண் மங்கல். தொலைவளக்கும் கண்தான் பிசகியிருந்தது! பல்லாண்டுகளாக எத்தனை பேர் கையில் இருந்ததோ, எவரும் கேட்காத கேள்வியைக் கல் அறுப்பவரின் மகள் கேட்டுவிட்டாள்.

அன்று மாலையே அவளைக் கடிகார அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன். பிசகைத் திருத்தும் திருகாணி முகப்புச் சன்னலை ஒட்டி இருக்கிறது. அம்மையார் திருப்புளியைத் தாம் பிடிக்கவில்லை; அவள் கையில் கொடுத்தார். "முழுசாத் திருப்பாதே. எறும்பு நகர்ற அளவு. பார். மறுபடி எறும்பு அளவு." ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவள் மூச்சுவிட்டாளா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முடித்ததும் நாடாவை எடுத்து அவளாகவே அளந்தாள்: ஒரு மீட்டர், மூன்று, ஐந்து. மூன்று இடத்திலும் பொருந்திற்று.

திருத்திய பின் முதற்படத்தை யாரை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். தந்தையையோ தோழியையோ சொல்வாள் என்று எண்ணினேன். அவள் நேரே ஆசிரியர் அறைக்குப் போய், அந்த மூத்த ஆசிரியரைச் சன்னலோரம் உட்காரச் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீசையை நீவிக்கொண்டு, விறைப்பாக அமர்ந்தார். அவருடைய கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கிப் பொத்தானை அழுத்தினாள். படம் அச்சாகி வந்தபோது மீசையின் நரைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எடுத்தது என்பது அவருக்குத் தெரியும், எதையும் சொல்லவில்லை. மாலையில் தாமே எட்டாம் வகுப்புக்கு வந்து, ஊரிலிருக்கும் தம் தாயாருக்கு அனுப்ப இன்னொரு படி கிடைக்குமா என்று அவளைக் கேட்டார்.

"தாளும் மருந்தும் சேர்த்து முப்பது ரூபாய் ஆகும் சார்" என்றாள்.