வந்த வேளை

வீட்டுக்குப் புது மருமகள் வந்த அன்று பால் திரிந்தால்கூடப் பழி அவள் தலையில்தான் விழும். இதை என் கதைகளில் எத்தனையோ முறை பரிகாசம் செய்திருக்கிறேன். சென்ற ஐப்பசியில் நானே அந்தக் காரியத்தைச் செய்தேன். மருமகள் ஸ்தானத்தில் இருந்தது, உள்ளங்கையளவு நெட்வொர்க் கார்டு!

ஒரு நாள் இரவு பலத்த இடி. மறுநாள் என் கம்ப்யூட்டரில் எழுத முடிந்தது; இன்டர்நெட் மட்டும் வரவில்லை. வெளியிலிருந்து கேபிள் வந்து சேரும் இடம் மின்னலில் கருகிவிட்டது. கடைத்தெருவில் ஒரு பையனிடம் புதுக் கார்டு வாங்கினேன்.

"நான் வந்து மாட்டித் தரட்டுமா, சார்?" என்றான்.

இருபது வருஷமாக மனிதர்களின் மனத்தையே திறந்து காட்டுகிற எனக்கு, ஒரு தகரப் பெட்டியைத் திறக்கத் தெரியாதா? "வேண்டாம், தம்பி" என்று வந்துவிட்டேன்.

கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், 'கேபிளைக் கவனி' என்று ஒரு எச்சரிக்கை. கேபிளை மாட்டினேன், வேறொரு புகார் வந்தது. கார்டைப் பிடுங்கியும் பார்த்தேன். அப்போதும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போகிற போக்கில் கார்டு வேறு எதையோ எரித்துவிட்டது என்று தீர்மானித்தேன்.

உள்ளே என் நாவலின் 22 அத்தியாயங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது. பையனுக்குப் போன் செய்து நான் பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது.

அரைமணியில் வந்தான். ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. கார்டை மறுபடி மாட்டி, ஏதோ ஒரு விசையைத் தட்டிப் பார்த்தான். பிறகு விளக்கினான். கம்ப்யூட்டர் எழுந்ததும் ஒரு ஜாபிதாவைப் பார்க்குமாம். முதலில் ஹார்ட் டிஸ்க்கைத் தேடும். அது அகப்படாவிட்டால், கடைசியில் நெட்வொர்க் கார்டிடம் போய், "வேறு கம்ப்யூட்டர் ஏதாவது என்னை எழுப்புமா?" என்று கேட்கும். டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்களையும் இயக்குவதற்காக வந்த ஏற்பாடு இது. 1999-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட விதிமுறைப்படி இன்றும் நடக்கிறது.

"கார்டு கத்துதுன்னா, டிஸ்க் காணோம்னு அர்த்தம், சார். ஜாபிதாவிலே டிஸ்க் பேரே இல்லை, பாருங்க."

மின்சாரத்தைத் துண்டித்தான். உடம்பிலுள்ள மின்னேற்றம் போவதற்காகப் பெட்டியின் இரும்பைத் தொட்டான். டிஸ்க்கிலிருந்து வரும் மெல்லிய கேபிளை இரு முனையிலும் அழுத்தினான். கார்டைச் செருகும்போது என் முழங்கைதான் அதை நெம்பியிருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் 22 அத்தியாயங்களும் பிழைத்து எழுந்தன.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"முதல்லே ஒரு காப்பி எடுங்க, சார்!" என்றான்.

என் மனைவி அவசரமாக அடுப்பங்கரைக்குப் போனாள். அவன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான். சற்று நேரத்தில் இரண்டு காப்பியும் தயாராயின.

அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை, சார். புதுசா வந்ததைத்தான் எல்லாரும் திட்டுவாங்க" என்றான்.

அவன் கார்டை மட்டும்தான் சொன்னானா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.