எடுக்கப்படாத திரைப்படம்

பல்லாண்டுகளுக்கு முன், தவக்கால மாலை ஒன்றில், ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் பேச்சில்லாத் திரைப்படத்தைக் காணும் பேறு பெற்றோம். 1928-இல் வெளிவந்த அப்படம் முடிந்த பின்னும் நெடுநேரம் எழ மனம் வரவில்லை. படை இல்லை, போர்க்களம் இல்லை. திரை நிறைய முகங்களே. புனிதையை விசாரிப்போரின் முகங்கள். அவர்கள் நடுவே கண்ணீர் வழியும் ஓர் இளநங்கையின் முகம். எவர் முகத்திலும் ஒப்பனை இல்லை. 1431-ஆம் ஆண்டின் விசாரணை ஏடுகளே கதைக்கு ஆதாரம்.

இதை உருவாக்கியவர் டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர். 1889-இல் கோப்பன்ஹேகனில், மணமாகாத சுவீடன் நாட்டுப் பணிப்பெண் ஒருவருக்குப் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாய் இறந்தார். அச்சுக்கோப்பாளர் ஒருவரின் குடும்பம் அவரைத் தத்தெடுத்து வளர்த்தது. துன்புறும் பெண்களின் முகங்களை அவர் மீண்டும் மீண்டும் நோக்கியது, காணக் கிடைக்காத அந்த ஒரு முகத்தைத் தேடித்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. புனிதையின் படத்தில் சில பகுதிகள், பாரிஸ் பேராயரின் எதிர்ப்பினாலும் அரசுத் தணிக்கையினாலும் வெட்டப்பட்டன. மூலப்பிரதி தீக்கிரையாயிற்று. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு அமைத்த மறுபிரதியையும் தீ விடவில்லை. முதற்பிரதியின் படி ஒன்று, 1981-இல் நார்வேயின் மனநல மருத்துவமனை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. டிரையர் மறைந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

1932-இல் வந்த ‘வாம்பயர்’ தோல்வியுற்றது. அடுத்த முழுநீளப் படத்திற்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. இடையில் செய்தியாளராக வேலை பார்த்துப் பிழைத்தார். நாட்சிகளின் ஆதிக்கத்தில் டென்மார்க் இருந்த 1943-இல் ‘சினத்தின் நாள்’ வெளிவந்தது. 1955-இல் வந்த ‘வாக்கு’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. அதன் மூல நாடகத்தை எழுதிய காய் முங்க் என்னும் போதகர், 1944-இல் நாட்சிகளால் கொல்லப்பட்டவர். பிள்ளைப்பேற்றில் இறந்த தாயைச் சுற்றிப் பெரியோர் அனைவரும் அழுது நிற்க, அவளுடைய சிறுமகள் மட்டும் அம்மா எழுவாள் என்று நம்பிக் காத்திருக்கிறாள். தாயும் எழுகிறாள். அக்காட்சியின் முன் நமது படிப்பும் தருக்கமும் தலைகுனிந்தன.

ஆயினும் டிரையர் எல்லாவற்றிற்கும் மேலாக விரும்பியது இயேசுவின் வாழ்வைப் படமாக்கவே. அமெரிக்காவில் தங்கித் திரைக்கதையை எழுதி முடித்தார். இயேசுவை யூதராகவே காட்ட வேண்டும், அவரது சாவுக்கான பழியை யூத மக்கள்மேல் சுமத்தலாகாது என்பது அவர் உறுதி. பொருள் திரட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றார், கிட்டவில்லை. 1968 மார்ச்சு 20-இல் கண்மூடினார். திரைக்கதை மட்டும் நூலாயிற்று.

பணி ஓய்வு பெற்ற நாள் முதல், செய்யாமல் விட்டவற்றையே எண்ணி வருந்தி வருகிறோம். நம் அலமாரியிலும் முடிவுறாத கையெழுத்து ஏடுகள் உள்ளன. வாக்களிக்கப்பட்ட நாட்டை நெபோ மலையினின்று கண்டதோடு மோசேயின் பயணம் முடிந்தது. அதனால் அவரது நாற்பதாண்டு நடை வீணாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. எடுக்கப்படாத அந்தப் படத்திற்காகவே டிரையர் தம் கண்களை வாழ்நாள் முழுதும் பழக்கினார் போலும். ஜோனின் முகத்தில் நாம் அன்று கண்டதும் பாடுபட்ட அந்த ஆண்டவரையன்றோ?

அன்பர்களே, நேற்று ஓர் ஏட்டை எடுத்துத் தூசு தட்டினோம். முடிப்போமா, அறியோம். எழுதத் தொடங்கியுள்ளோம்.